மணி நேரம் கேட்ட அம்மா: சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பையனுக்கு வயது 9. கடுமையான மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. தலை நிற்காது, தானாக உட்கார முடியாது, பேச்சும் இல்லை. ஆனால் சொல்வதெல்லாம் புரியும். வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே பழைய லயன் வீட்டில் (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு) அம்மா, அப்பா, 14 வயது அக்கா, பாட்டி ஆகியோருடன் இருக்கிறான். குடும்பத்தின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எத்தனையோ குடும்பங்கள் இருக்க, இவர்களைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. உதவியே கிடைக்காத குடும்பம் என்று இவர்களைச் சொல்ல முடியாது. ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. அந்த அட்டைக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிக்கச் சமூகநல இலாகா தரும் மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. தலையைத் தாங்கும் சக்கர நாற்காலிகூட நன்கொடையாகக் கிடைத்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அந்த அம்மா உடைந்துபோனார். பணமும் பொருளும் போய்ச் சேர்ந்த அந்த வீட்டுக்கு நேரம் மட்டும் போய்ச் சேரவில்லை. பராமரிப்பவருக்கு அந்த நேரத்தைத் தருவதுதான் ஓய்வுப் பராமரிப்பு. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

பிள்ளையும் வீடும்

தம்பி 29 வாரத்தில் பிறந்தவன். பிறந்த சில நாட்களிலேயே மூளைக்குள் இரத்தக் கசிவு. இரண்டு வயதுக்குள் கைகால் நான்கும் விறைத்துவிட்டன. பெருந்தசை இயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலில் அவன் ஐந்தாம் நிலை, அதாவது மிகக் கடுமையானது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தொடர் சிகிச்சை நடக்கிறது. வலிப்புக்கு எப்பிலிம், தசை விறைப்புக்கு பேக்லோஃபென்.

மருந்துச் சீட்டு சின்னது. நாள்தான் பெரியது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரமும் தாண்டும். தண்ணீரைச் சும்மா கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால், மைலோவோ தண்ணீரோ எதுவானாலும் நெஸ்டம் தானிய மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சளி கட்டினால் முதுகைத் தட்டி எடுக்க வேண்டும். 21 கிலோ எடையை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கி இறக்குகிறார் அம்மா. பேம்பர்ஸ் மாற்றும்போது காலை இழுக்கவே கூடாது. ஐந்தாம் நிலைப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இடுப்பு மூட்டு நழுவுவதாக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006 இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. தம்பியின் இடது இடுப்பும் ஏற்கெனவே பாதி நழுவியிருக்கிறது.

அப்பா கையுறைத் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். ஓவர்டைம் இல்லாமல் வீடு ஓடாது. அம்மா முன்பு தோட்டத்து நாற்று மேட்டில் வேலை செய்தவர். தம்பி பிறந்த பிறகு பெயர் வெட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டார். எட்டு வருடம் இந்த வீட்டைத் தாங்கியது பாட்டி. நாற்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த கை அது. அதிகாலையில் எழுந்து தம்பிக்குக் கஞ்சி ஊட்டி, அம்மாவை ஆறரை மணிவரை தூங்க விட்டவர் அவர்தான். இந்த ஏற்பாட்டை எந்தக் கோப்பும் பதிவு செய்யவில்லை. ‘பராமரிப்பாளர்: தாய்’ என்றுதான் எல்லாப் படிவத்திலும் இருந்தது.

பாட்டி விழுந்த பிறகு

பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீடு திரும்பியவர் தாங்குகட்டையோடு நடக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. அம்மா இப்போது இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருந்தது.

எங்கள் சிறிய தன்னார்வக் குழுவுக்கு இந்த வீடு தெரியவந்தது தம்பியால் அல்ல, அக்காவால். இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 படிக்கும் பெண் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வருவதில்லை என்று அவளது ஆசிரியை ஒருவர் கவலையோடு சொன்னார். போய்ப் பார்த்தோம். அப்பாவுக்கு இரவு ஷிப்ட் இருக்கும் வாரங்களில் அக்கா தம்பியோடு விழித்திருக்கிறாள். காலையில் பள்ளி பஸ் ஹார்ன் அடிக்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவின் நிலை அதைவிட மோசம். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது. கிளினிக்குக்குப் போக ஆள் இல்லை என்பதால் தேதி தவறிக்கொண்டே போயிருக்கிறது. “அக்கா, தம்பிக்கு ஒன்னுன்னா நான் ஓடிடுவேன். எனக்கு ஒன்னுன்னா எங்க ஓடறது? இவன யாருகிட்ட விடறது?” என்று என்னிடம் கேட்டார். அப்புறம் அவரே ஒன்றைச் சொன்னார். ஒரு இரவு, அழுகை நிற்காத தம்பியை மெத்தையில் போட்டுவிட்டு, வாசலைத் தாண்டி, தோட்டச் சாலையில் நடக்க ஆரம்பித்துவிட்டாராம். அக்காதான் பின்னால் ஓடிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் ‘பொறுப்பில்லாத தாய்’ என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் அந்தப் பையனுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டவர் ஒரு இரவில் வெளியே நடந்தார் என்றால், அங்கே குறைந்திருந்தது பாசம் இல்லை, தூக்கம்.

முதலில் தேடிய வழிகள்

வீட்டில் பராமரிப்பவருக்குச் சில மணி நேரமோ சில நாளோ மூச்சு விட இடம் கிடைக்க, அந்த நேரத்துக்குப் பழக்கமும் பயிற்சியும் உள்ள இன்னொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் ஓய்வுப் பராமரிப்பு. இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் சலுகை கிடையாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் அரசு செய்து தர வேண்டிய உதவிகளில் பயிற்சி, ஆலோசனை, நிதி ஆகியவற்றோடு ஓய்வுப் பராமரிப்பையும் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. மலேசியா அந்த உடன்படிக்கையை 2010 இல் ஏற்று உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2008 இல், மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது.

குடும்பம் எங்களுக்கு முன்பே இரண்டு வழிகளைத் தேடிப் பார்த்திருந்தது. ஒன்று, பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையம். 1984 இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் இது. இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான மையங்கள் உள்ளன. பயிற்சிக்கு வருபவர்களுக்கு மாதம் 150 வெள்ளி அலவன்ஸ் உண்டு. நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறது. தம்பிக்கு ஒத்துவராததற்குக் காரணம் தூரம். மையத்துக்குப் போகத் தோட்டத்திலிருந்து ஒரு கார் வேண்டும், நாற்காலியை மடக்கி ஏற்ற ஒரு ஆள் வேண்டும், ஊட்டுவதற்கு அம்மாவே கூட இருக்க வேண்டும். காலையில் கூட்டிப் போய் மத்தியானம் திரும்பினால் அம்மாவுக்கு ஓய்வு கிடைப்பதில்லை, இன்னொரு வேலைதான் சேர்கிறது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கல்வி அமைச்சின் கொள்கை 2019 இல் வந்தபோது சிறப்புக் கல்வி வகுப்பையும் யோசித்தார்கள். அதே தூரம், அதே கார், அதே கேள்வி.

இரண்டாவது வழி, ஈப்போவில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லம். பாட்டி மருத்துவமனையில் இருந்தபோது, கடன் வாங்கி ஒரு வாரத்துக்குப் பணம் கட்டினார் அப்பா. இரண்டாம் நாளே தம்பி வாயைத் திறக்க மறுத்துவிட்டான். அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள்தான். ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கரண்டியைக் கீழிருந்து கொண்டுவர வேண்டும் என்பதும் தெரியாது. மேலிருந்து வந்தால் அவன் தலையைப் பின்னால் எறிந்து விறைத்துக்கொள்வான். மூன்றாம் நாள் அப்பா போய் அழைத்து வந்துவிட்டார். அதன் பிறகு ‘விட்டுட்டு வர்றது’ என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் போய்ப் பேசியபோது அம்மா சொன்ன முதல் பதில், “வேணாங்க்கா. எம்புள்ளைய நானே பாத்துக்கிறேன். ஊர்ல என்ன பேசுவாங்க?” என்பதுதான். அடுத்த முறை போனபோது கேள்வியை மாற்றினோம். ஓய்வு வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு வாரத்தில் எந்த மணி நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்று கேட்டோம். யோசிக்காமலே பதில் வந்தது: அப்பாவுக்கு இரவு ஷிப்ட் உள்ள வாரத்தில் காலை ஆறிலிருந்து எட்டு. அப்பா வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார், அக்கா பள்ளிக்குக் கிளம்ப வேண்டும், பாட்டியைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டும், தம்பிக்கு ஊட்ட வேண்டும். அடுத்தது, சனிக்கிழமை காலை. மார்க்கெட், வங்கி, கிளினிக் எல்லாம் அன்றைக்குத்தான்.

ஆபீஸ் நேரத்தில் நடக்கும் எந்தச் சேவையும் இந்த இரண்டு நேரத்தையும் தொடாது. தோட்டத்து நாள் இருட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் தொடங்குகிறது. தொழிற்சாலை ஷிப்டும் அப்படித்தான். சேவையைத் திட்டமிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வீட்டுக் கடிகாரத்தை என்பது என் உறுதியான கருத்து.

ஆயா

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை நடந்த காலத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பெற்றவர்கள் பால்மரம் வெட்டப் போக, கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்வார். தொழிலாளர் வீட்டு வசதி, அடிப்படை வசதிகளுக்கான 1990 ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம்கூடத் தோட்டங்களில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் பற்றிப் பேசுகிறது. இந்தத் தோட்டத்தின் கொட்டகை, தமிழ்க் குடும்பங்கள் தாமான் எனப்படும் வெளிக் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு மூடப்பட்டது. அதில் கடைசியாக வேலை பார்த்த ஆயா மட்டும் இன்னும் அங்கேயே, தம்பி வீட்டுக்கு நான்கு கதவு தள்ளி இருக்கிறார். வயது 58. தம்பிக்கு அவர் குரல் பழக்கம். வாசலில் அவர் சத்தம் கேட்டாலே சிரிப்பான்.

ஆயாவிடம் பேசினோம். “நம்ம புள்ளதானே, காசெல்லாம் எதுக்கு?” என்றார். காசு கட்டாயம் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். அன்பினால் செய்யும் உதவியை அம்மா எத்தனை நாள் கூச்சமில்லாமல் கேட்பார்? ஒரு மாதம் கேட்பார், அப்புறம் விட்டுவிடுவார். மணிக் கணக்கில் ஊதியம் என்றால் கேட்பதற்கு ஒரு உரிமை வருகிறது. ஆயாவுக்கும் ‘வர முடியவில்லை’ என்று முன்கூட்டியே சொல்லும் கடமை வருகிறது. பட்டணத்தில் இருக்கும் சில குடும்பங்கள் மாதம் ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகப் போட ஒப்புக்கொண்டார்கள். 1960 இல் மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் இப்படி மாதம் பத்து வெள்ளி சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கியது. அவர் பிறந்த சுங்கை சிப்புட்டில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டோம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தூக்கும் முறையைக் காட்டினார்: முழங்காலை மடக்கி, பிள்ளையை உடம்போடு அணைத்து, இடுப்பைத் திருப்பாமல். ஊட்டுவதை அம்மாவே கற்றுக்கொடுத்தார். ஆயா ஊட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஓய்வு பெற்ற தாதி ஒருவர் வலிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

வலிப்புப் பாடத்தில்தான் சிக்கல் வந்தது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டும் என்பது ஆயாவின் ஆயுள்கால நம்பிக்கை. கொட்டகையில் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருப்பார்! தாதி அதை ஏளனம் செய்யவில்லை. “பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும்மா. சாவி குடுத்தாலும் நிக்கும், குடுக்காட்டியும் நிக்கும். ஆனா சாவியத் தேடிப்போற நேரத்துல புள்ளயத் தனியா விட்டுட்றோமே” என்றார். ஆயாவுக்கு அது சரியாகப் பட்டது. இப்போது அவர் செய்வது: முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காதிருப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால், மருத்துவர் எழுதிக்கொடுத்த டயஸெபம் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்திவிட்டு 999 ஐ அழைப்பது. ஆம்புலன்ஸ் உள்ளே வரும் பாதையை எப்படிச் சொல்வது என்பதையும் மலாயில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார். தோட்டச் சாலைக்குப் பெயர்ப் பலகை இல்லாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். எழுதியது அக்கா. அவளுடைய வரிகள் சில: “கண்ணை மேலே உருட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். நாக்கை நீட்டினால் இன்னும் வேண்டும். இருமிய பிறகு குரல் தண்ணீராகக் கேட்டால் ஊட்டுவதை நிறுத்தவும். இடது காலை இழுக்காதீர்கள், அழுவான்.” எந்த மருத்துவக் கோப்பிலும் இல்லாத தகவல்கள் இவை. ஈப்போ இல்லத்துக்கு இந்தத் தாள் போயிருந்தால் அவன் அங்கே சாப்பிட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

மாறியதும் மாறாததும்

முதல் சனிக்கிழமை அம்மா எங்கும் போகவில்லை. நடுவீட்டில் உட்கார்ந்து ஆயா ஊட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கிவிட்டார். அதற்கடுத்த வாரம் கிளினிக்குக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை வாங்கி வந்தார். வீட்டைவிட்டு வெளியே அனுப்பியே தீர வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தவில்லை, அதுதான் சரி. நம்பிக்கை தூக்கத்தில் தொடங்கி, அப்புறம் வாசலைத் தாண்டியது.

காலை ஆறிலிருந்து எட்டு ஏற்பாடு அப்பாவின் இரவு ஷிப்ட் வாரங்களில் நடக்கிறது. அக்கா ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். அவள் முகத்தில் தெரியும் மாற்றம்தான் எனக்கு இந்த ஆய்வின் மிக முக்கியமான பலன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை உள்ள வீட்டில் மூத்த பெண் பிள்ளை எத்தனை சுலபமாக இரண்டாவது தாயாகிவிடுகிறாள்! அதை நாம் ‘பொறுப்பான பொண்ணு’ என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு அவளுடைய படிப்பைத் தின்றுவிடும்.

அப்பாவின் பங்கு எதிர்பாராமல் கூடியது. ஆயாவுக்குப் பயிற்சி நடந்தபோது அவரும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். ஒன்பது வருடத்தில் அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. தாய்க்குத் தானாகத் தெரியும், தந்தைக்குத் தெரியாது என்றே எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது ஞாயிறு காலைச் சாப்பாடு அப்பாவுடையது. தம்பி அவரிடம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் குடும்பமாகப் போனார்கள், தம்பியும்தான். முன்பெல்லாம் யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கும். இந்த முறை ஆயா கூடவே போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அம்மா அக்காவோடு வரிசையில் நின்று சாமி கும்பிட்டார். பிள்ளையை விட்டுவிட்டுப் போவது மட்டும்தான் ஓய்வு என்று நினைத்தால் இதுபோன்ற ஏற்பாட்டுக்கு யாரும் நிதி தர மாட்டார்கள். இங்கிலாந்தில் 2011 இல் நடப்புக்கு வந்த விதிமுறைகள் இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. அங்கே உள்ளாட்சி மன்றங்கள் பகல் பராமரிப்பு, இரவுப் பராமரிப்பு, வீட்டுக்கு வெளியே பொழுதுபோக்கு, மாலை, வாரக்கடைசி, பள்ளி விடுமுறை நேர உதவி என எல்லா வகையையும் தங்களால் இயன்றவரை தர வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது: இனி முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக் கூடியவர்களையும், மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கவும் தாங்கள் படிக்கவும் நேரம் வேண்டியவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அம்மா தோட்டச் சாலையில் நடந்த பிறகுதான் நம் கண்ணில் பட்டார்.

சரி, தீராதவை நிறைய. அம்மாவின் முதுகுவலி அப்படியே இருக்கிறது. தம்பி வளர்கிறான், எடை கூடும். தூக்கும் கருவி இல்லாமல் இன்னும் இரண்டு வருடம் தாங்காது. லயன் வீட்டுக் கதவு அகலம் அந்தக் கருவிக்குப் போதாது. 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இல்லத்தரசிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அம்மாவைச் சேர்த்திருக்கிறோம். வருடத்துக்கு 120 வெள்ளி. தூக்கும்போது அவர் விழுந்தால் அதுவாவது கைகொடுக்கும். பல ஆயிரம் பராமரிப்புத் தாய்மார்களுக்கு இதைப் பற்றித் தெரியாது என்பது எனக்கு வருத்தம். படிப்பவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

மூடிக் கிடக்கும் ஆயாக் கொட்டகையை வாரத்துக்கு ஒரு நாளாவது திறந்து தரத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். சுற்றியுள்ள தோட்டங்களில் இதே நிலையில் இன்னும் சில குடும்பங்கள் உண்டு. ஒரே இடம் இருந்தால் பிசியோதெரபிஸ்ட் வருவதும் சுலபம். பதில் இன்னும் வரவில்லை.

இரவு இன்னும் அம்மாவுடையதாகவே இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுவது குறையவில்லை. ஆயாவின் வயதுக்கு இரவு விழிப்பு ஆகாது; ஒரே ஆளை நம்பியிருப்பதும் ஆபத்து, பாட்டி விழுந்தபோது பார்த்தோமே. அதனால் அடுத்த வரிசை லயனில் இருக்கும் இன்னொரு பெண்ணைப் பழக்க ஆரம்பித்திருக்கிறோம். வலிப்புப் பாடம் முடிந்தது. ஊட்டுவது இன்னும் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்துதான். அம்மா சரி என்று சொன்ன பிறகே தனியாக விடுவோம். மாதம் இரண்டு இரவு என்ற ஏற்பாடு அதற்கப்புறம்.